எண்ணூரிலும் இறங்குங்கள்: சென்னைப் பறவை நோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் பக்கமாக நீங்கள் வடக்கே போவதைப் பார்க்கிறேன். சிலர் காரில், சிலர் சேர்ந்து வேன் பிடித்து, கல்லூரிப் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி ரயிலில். போவது பழவேற்காட்டு ஏரிக்கு, தேடுவது பூநாரையை (பிளமிங்கோவை). நான் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கத்துக்காரன். ஆலையில் ஷிப்ட் வேலை, மிச்ச நேரத்தில் பறவை பார்ப்பேன். உங்களில் சிலரோடு பழவேற்காடு வரை வந்திருக்கிறேன். உங்கள் ஸ்கோப்பில், அதாவது முக்காலித் தொலைநோக்கியில், கண்ணை வைத்து, சேற்றில் இரை தேடுகிற பெயர் தெரியாத உள்ளான் பறவைகளுக்கெல்லாம் உங்களிடமே பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். பழவேற்காட்டுக்கு ஒதுக்குகிற நாளில் காலை இரண்டு, மூன்று மணி நேரத்தை எண்ணூர் கழிமுகத்துக்குக் கொடுங்கள். அங்கே இருக்கிற பறவைகளை எண்ணுங்கள். எண்ணியதைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் பூநாரையைப் பார்க்கப் போங்கள்.

எண்ணூர் நிலையம் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். அந்த இடத்தில் உங்கள் ஆட்கள் பெரும்பாலும் போனில் இருப்பார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவது அனல் மின்நிலையப் புகைபோக்கி, ஆற்றின் மேலேயே போகிற உயர் அழுத்த மின்கம்பிகள், சாம்பல் படிந்த கரை. இதில் என்ன பறவை இருக்கப்போகிறது என்று நினைத்தால் அது உங்கள் தப்பில்லை. ஆனால் பழவேற்காடும் எண்ணூரும் தனித்தனி நீர் இல்லை. ஏரியின் தெற்குக் கழியும் பக்கிங்காம் கால்வாயும் காட்டுப்பள்ளிக்குப் பின்னாலேயே இறங்கி வந்து இங்கே கொசஸ்தலையோடு சேருகின்றன. ஒரே உப்புத்தண்ணீர்தான், வடக்கே ஒரு வாய், தெற்கே ஒரு வாய். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்துவிட்டால் அவ்வளவு நீளக் கால் உள்ள பூநாரைகூட ஆழம் குறைந்த இடத்தைத் தேடித்தான் போகும். உள்ளான்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவற்றுக்கு விரலளவுத் தண்ணீர்தான் கணக்கு. சரணாலயத்தின் எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு நாள் நீர் வற்றுகிற நேரம் பார்த்து அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஆற்றோரம் வந்து நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது சின்னக் கொக்கு, மடையான், நீர்க்காகம். இதெல்லாம் எங்கள் ஏரியிலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அவற்றையும் எண்ணுங்கள். சற்றுப் பொறுத்தால் சேற்றுத் திட்டு நகருகிற மாதிரித் தோன்றும். கொசு உள்ளான்கள் அவை. முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு. வட துருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதே சேற்றில் பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி வகைகள். ஒவ்வொன்றுக்கும் அலகின் நீளம் வேறு, ஆகவே சேற்றுக்குள் எட்டுகிற ஆழமும் வேறு. ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று கை வைப்பது குறைவு. வளைந்த நீள மூக்கோடு குதிரைமலைக் கோட்டான் எட்டத்தில் தனியாக நிற்கும். ஆளைக் கண்டதும் முதலில் கத்திக்கொண்டு கிளம்புவது அதுதான், அதனால் தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள். வலைக்காக நட்ட கழிகளில் மீசை ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மின்கோபுரத்தின் மேல் மீன் பிடிக்கிற கழுகான விராலடிப்பான் இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

கூழைக்கடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் முகத்துவாரத்தில் அது மீனவரோடு மீனவராகவே இருக்கிறது. எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர், எழுபதைத் தாண்டியவர், இன்னமும் வலைக்குப் போகிறவர், காலையில் கரைக்கு வந்ததும் ஆற்றைப் பார்க்க மாட்டார், கூழைக்கடா எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று பார்ப்பார். "அது சும்மா ஒக்காராதுபா, அங்க மடவை ஓடுது" என்பார். மடவை ஓட்டம், நண்டு ஏறுகிற மாதம், முகத்துவாரம் மண் மூடுகிற காலம் எல்லாம் அவர் வாயில் இருக்கிறது. உங்கள் கையேட்டில் அது கிடையாது. ஒரு காலை அவரோடு நின்றால் எந்தத் திட்டில் எப்போது எது வரும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சரி, பறவை இருக்கிறது, பார்த்தாயிற்று. அதை ஏன் எண்ண வேண்டும்?

பார்த்ததைக் காகிதத்தில் காட்டினால்தான் அரசாங்கம் கேட்கும், அதனால்தான். ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ராம்சர் ஒப்பந்தத்தில் ஓர் ஈரநிலத்தை உலக அளவில் முக்கியமானது என்று சொல்ல ஒன்பது அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு நேரடியாக நீர்ப்பறவைகளின் தலை எண்ணிக்கைதான். ஓர் இடம் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கினால் அது ஓர் அளவுகோல். ஏதாவது ஓர் இனத்தின் மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்று அங்கே வழக்கமாக இருந்தால் அது இன்னோர் அளவுகோல். இரண்டிலும் 'வழக்கமாக' என்று இருப்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் பார்த்தேன் என்றால் போதாது, வருடா வருடம் யாராவது எண்ணியிருக்க வேண்டும். 2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் ஏறியது. குப்பை கொட்டுவதை எதிர்த்துப் பல வருடம் சண்டை போட்டவர்கள் இருந்தார்கள், வாரம் தவறாமல் போய்ப் பறவை எண்ணி எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் கொஞ்சத்தை ஆற்றுக்கு இந்தப் பக்கமும் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இன்னொரு சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், எதெல்லாம் ஈரநிலக் கணக்கில் வராது என்று ஒரு பட்டியல் தருகின்றன. ஆற்றுத் தடம், நெல்வயல், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலை, மீன் வளர்ப்புக் குளம், அப்புறம் உப்பு விளைவிக்க உண்டாக்கிய பாத்தி. இப்போது எண்ணூரை நினைத்துப் பாருங்கள். ஆறு இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. ஆற்றை ஆற்றுத் தடம் என்று ஒதுக்கிவிட்டு உப்பளத்தை உப்பளம் என்று ஒதுக்கிவிட்டால் மிச்சம் என்ன? ஆனால் நெடுங்கால் உள்ளான் முட்டையிடுவது கைவிட்ட உப்புப் பாத்திகளில்தான். ஓதம் ஏறி ஆற்றுச் சேறு மூழ்கும்போது சின்ன உள்ளான்கள் ஒதுங்கி நிற்பதும் அங்கேதான். பாத்தியில் மண் கொட்டி மேடாக்கினால் ஆறு அப்படியே இருந்தாலும் அவற்றுக்கு நிற்க இடம் போய்விடும். எங்கள் உப்பளங்களுக்கு நடந்தது அதுதான். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டலத் திட்டத்தில் எண்ணூர் கழிமுகத்தைச் சேர்ந்த 6,469 ஏக்கர் கட்டுமானமே கூடாத பகுதி என்று குறிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியை இன்று நீங்கள் வந்து பார்த்தால் கண்டெய்னர் லாரி நிற்கிற மைதானமாக இருக்கும்.

நானும் ஓர் ஆலையில்தான் சம்பளம் வாங்குகிறேன். தொழிற்சாலையே வேண்டாம் என்று பேசுகிற வசதி எனக்கில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இல்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடையாறில் இருக்கிறவர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும், அதன் சாம்பல் எங்கள் ஆற்றில்தான் இறங்கியது. அனல் மின்நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாய்கள் வருடக்கணக்கில் கசிந்து, ஆற்றின் அடி மேடானது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் மீனவர்கள். ஆற்றின் ஆழம், மீன் வரத்து எல்லாவற்றையும் அவர்கள் சொன்னார்கள். சாம்பல் எடுத்த பிறகு சேறு உயிர் பிடித்ததா என்று சொல்ல மீனோடு பறவையும் ஒரு சாட்சி. எந்தத் திட்டில் உள்ளான் திரும்பி வந்தது, எதில் வரவில்லை என்று யாராவது எழுதி வைத்தால்தானே தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகம் முழுக்கப் பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படகெல்லாம் கருப்பு, வலையெல்லாம் கருப்பு. இறகில் எண்ணெய் பூசிக்கொண்ட கூழைக்கடாக்களின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எண்ணெய் பட்ட இறகில் தண்ணீர் ஊறும், பறவை நனையும், குளிரும். அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயை அது விழுங்கவும் செய்யும். வனத்துறை ஆட்கள் படகில் தேடிப் போனார்கள். பறக்கத் தெம்புள்ள கூழைக்கடாவைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த நாட்களில் உங்களில் பலர் வந்தீர்கள், அக்கறையோடுதான் வந்தீர்கள். எத்தனை பறவைக்குப் பாதிப்பு என்பது எல்லோரும் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முந்தைய டிசம்பர்களில் அந்த நீரில் எத்தனை இருந்தன என்பது முதலில் வேண்டும். மீனவருக்கு நஷ்டஈடு கணக்குப் போடப் படகு எண் இருக்கிறது, வலைக்கு விலை இருக்கிறது. பறவைக்கு நீங்கள் எழுதுகிற பட்டியலை விட்டால் வேறென்ன இருக்கிறது?

அதனால் பறவைப் பட்டியல் பதிகிற இ-பேர்ட் தளத்தில் போடும்போது எண்ணுக்குப் பதிலாக 'எக்ஸ்' போட்டுவிட்டுப் போகாதீர்கள். காகத்துக்கும் மடையானுக்கும்தான் பெரும்பாலும் அந்த எக்ஸ் விழுகிறது. இருந்தது என்பதற்கு அது சாட்சி, எத்தனை என்பதற்கு இல்லை. துல்லியமாக எண்ண முடியாத கூட்டமா, பத்துப் பத்தாகப் பிரித்து உத்தேசமாக ஓர் எண் போடுங்கள். நின்ற இடத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று ஒரு முழுப் பட்டியல், அப்புறம் நூறடி தள்ளிப் போய் இன்னொன்று. எதுவுமே இல்லாத சாம்பல் திட்டுக்கும் பட்டியல் போடுங்கள். அபூர்வமான பறவை ஒன்று கிடைத்தால் எல்லோரும் ஓடி வருவார்கள், அது நல்லதுதான். ஆனால் அதே திட்டை ஐந்து குளிர்காலம் தொடர்ந்து எண்ணிய அலுப்பான பட்டியல்தான் ஒரு நாள் வழக்கறிஞர் கைக்குப் போகும்.

சேற்றுக்கு இப்போது இன்னொரு தொல்லை வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் காக்கா ஆழி என்று சொல்கிற சிப்பி. பிறந்த ஊர் தென் அமெரிக்கப் பக்கம். கருப்பாக, கொத்துக் கொத்தாக, சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரிப் படர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே இறால் புதைய முடியாது, மஞ்ச ஆழி என்கிற நம்மூர்ச் சிப்பி வாழ முடியாது. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிப்பி விளிம்பு அவர்கள் விரலைக் கிழிக்கிறது. விரலுக்கே இறங்காத இடத்தில் உள்ளான் அலகு இறங்குமா? என் சந்தேகம் அது. சிப்பி மூடிய திட்டையும் மூடாத திட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சீசன் எண்ணினால் விடை கிடைத்துவிடும். கல்லூரியில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் உங்களில் இருக்கிறீர்கள், ப்ராஜெக்ட்டுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம்.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. அவர்கள் தண்ணீரில் நிற்கும்போது கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். பறவைக்குக் காட்டுகிற பொறுமையில் பாதியாவது அவர்களுக்குக் காட்டலாம். கரை ஏறும் வரை காத்திருந்து, "அக்கா, எடுக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பழவேற்காட்டுக்கும் இது பொருந்தும். அங்கே நடக்கிற ஒரு காரியம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. பூநாரைக் கூட்டம் தலையைக் கவிழ்த்து அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும். பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகப் படகை நெருக்கிப் போகச் சொல்வார்கள். படகுக்காரரிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் அண்ணே இவ்வளவு கிட்டப் போகிறீர்கள் என்று. "சார் காசு குடுத்துட்டு போ போன்னா நான் இன்னா பண்றது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூநாரை நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பாது, தண்ணீரில் சில அடி ஓடித்தான் எழும். அந்த ஓட்டம் உங்கள் படத்தில் அழகாக விழும், அதற்குத்தான் அது தின்ற தீனி செலவாகிறது. ஒரு காலையில் நான்கு படகு இப்படிப் போனால் அது எப்போது மேயும்? இவ்வளவுக்கும் 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்த பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடையே வந்தது. தடையை மீறிப் படகு கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அண்ணாமலைச்சேரிக் கரையில் ஸ்கோப்பை வைத்து உட்கார்ந்தால் தண்ணீர் சரியாக இருக்கிற நாளில் தரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். சாம்பல் நிறக் குஞ்சுப் பறவை எத்தனை, வளர்ந்தது எத்தனை என்று பிரித்து எண்ணவும் அதுதான் வசதி. 1980-இல் சரணாலயமாக அறிவித்த இடம் அது, நம் ஆட்களிடமிருந்தே அதைக் காப்பாற்ற வேண்டிய நிலை வரக்கூடாது.

எண்ணூருக்கு வருவதென்றால் சில நடைமுறை விஷயங்கள். துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் பக்கத்தில் கேமராவோடு நின்றால் காவலர்கள் வந்து கேட்பார்கள், அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள், மதில் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். சாம்பல் குளத்தில் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்திருக்கும், கீழே உள்வாங்கும். கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற சாலையில் பைக்கில் வருகிறவர்கள் விடியலில் ரொம்ப ஜாக்கிரதையாக வர வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி ஆற்றோரம் எங்கும் கிடையாது. குழுவாக வரும்போது முன்கூட்டிச் சொன்னால் தெரிந்த வீடு ஒன்றில் ஏற்பாடு செய்யலாம். படகு வேண்டுமென்றால் ஆற்றில் தொழில் செய்கிற குப்பத்து ஆட்களிடமே பேசுங்கள், அவர்களின் ஒரு நாள் தொழில் கெடுகிறது என்பதை மனதில் வைத்து வாடகை கொடுங்கள். பேரம் பேசுகிறவர்களோடு நான் வர மாட்டேன். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி நீராவியில் ஸ்கோப் ஆடும். அப்போது மறுபடி ரயில் ஏறினால் பொன்னேரியில் டிபன் முடித்துப் பஸ்ஸில் பழவேற்காடு போகச் சரியாக இருக்கும்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது, நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரும் பொங்கலுக்கு அதில் ஒரு நாளை இங்கே வைத்துக்கொள்ளலாமா? மாட்டுப் பொங்கலன்று எனக்கு ஷிப்ட் இல்லை. காலை ஆறு மணிக்கு அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் இருப்பேன், பெரியப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். தொப்பி, தண்ணீர், சேற்றில் போனாலும் கவலைப்படாத செருப்பு, இவை போதும். ஸ்கோப் உள்ளவர்கள் யாராவது ஒருவர் கட்டாயம் கொண்டு வாருங்கள், என்னிடம் அது இல்லை.

இப்படிக்கு,
கத்திவாக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்